வெங்காயம் நடாத வருடம்

அடைக்கலநாதனின் மனைவியைப் புதைத்த அன்று, குழியடியில் நின்று செபம் சொன்ன லெனாட் இறந்தவரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். ஒரு தரமல்ல, இரண்டு தரம்.

கோயிலில் பூசையை முடித்த பாதர் நிக்சனுக்கு வேறோர் ஊரில் இன்னோர் அடக்கத்துக்குப் போகவேண்டியிருந்தது. "சேமக்காலைச் செபத்தை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதில் புதுமை ஒன்றும் இல்லை. பண்டத்தரிப்புக்குக் கிட்ட இருந்த அந்தச் சின்னப் பங்கில் பாதர்மார் வந்தார்கள், மாறினார்கள். பாதர் இல்லாத இடத்திலெல்லாம் இருபத்துநாலு வருடமாக லெனாட்தான் நின்றார்.

தை மாதத்து வெயில் சாய்ந்திருந்தது. சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, நாற்பது ஐம்பது பேர் குழியைச் சுற்றி நின்றார்கள். லெனாட் புத்தகத்தைத் திறந்தார். வாய் தன்பாட்டில் ஓடியது. "எங்கள் சகோதரி திரேசம்மாவை உமது கையில் ஒப்படைக்கிறோம்" என்றார். திரேசம்மாவைப் புதைத்து எட்டு நாளாகியிருந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். லெனாட்டுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பக்கத்தைப் புரட்டி மறுபடியும் திரேசம்மா என்றார்.

அடைக்கலநாதன் தலையை நிமிர்த்தினார். எழுபத்திரண்டு வயது, அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"தம்பி," என்றார், சத்தம் போடாமல். "இவ றோஸ்மலர்."

லெனாட் புத்தகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், நிமிர்ந்து அடைக்கலநாதனைப் பார்த்தார். பிறகு பெயரைத் திருத்திச் சொல்லிச் செபத்தை முடித்தார். சனம் மண் போட்டுவிட்டுக் கலைந்தது. யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவருக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது. றோஸ்மலர் அக்கா அவருடைய தோட்டத்துக்கு இரண்டு தோட்டம் தள்ளி இருந்தவர். அக்காவின் கையால் எத்தனை தரம் லெனாட் தேத்தண்ணி குடித்திருக்கிறார். பெயர் மறக்கிற ஆள் இல்லை அவர். செபம் சொல்லும்போது அங்கே லெனாட் இல்லை, அதுதான் நடந்தது.

லெனாட்டுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. முக்கால் ஏக்கர் வரும் பன்னிரண்டு பரப்புச் செம்மண் தோட்டம், ஒரு கிணறு, மனைவி மார்கிரட். ஒரே மகளை வவுனியாவில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த காலத்தில் கோயிலுக்குக் கூரை இல்லை, செபம் நடத்திவந்த பழைய உபதேசியார் வன்னியிலேயே இறந்துபோயிருந்தார். அப்போதிருந்த பங்குச் சுவாமி, தோட்டத்தில் பசளைக்குக் குழையை மண்ணுக்குள் தாட்டுக்கொண்டு நின்ற லெனாட்டைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு இதைப் பார் என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. விடிய நாலு மணிக்குத் தண்ணீர் இறைப்பு, பகலெல்லாம் புல்லும் மண்ணும், பின்னேரம் குளித்துவிட்டு வெள்ளைச் சேட்டு ஒன்றைப் போட்டால் ஏதாவது ஒரு வீட்டில் செபம். மூன்று குறிச்சிகளில் வீட்டுச் செபக் கூட்டங்களை அவர்தான் துவக்கினார். ஞாயிறு மறைக்கல்வி, நோயாளர் வீடு, திருநாள் வந்தால் பந்தல் கட்டுகிறவர்களுக்குச் சாப்பாடு வரைக்கும் அவர் தலையில். ஊரில் அவரை எல்லாரும் மதித்தார்கள். அவர் சோர்ந்துபோனதை யாரும் காணவில்லை. அவரே காணவில்லை.

செபம் எப்போது வற்றியது என்று அவரால் சொல்ல முடியாது. கிணறு வற்றினால் கயிற்றைக் கூட்டிக் கூட்டி விடும்போது தெரியும். இது அப்படித் தெரியவில்லை. வாளி வழமைபோல இறங்கி ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அதே தை மாதத்தில் வெங்காயத்துக்குத் திருகல் வந்தது. தாள்கள் முறுக்கி முறுக்கி நிலத்தில் சாய்ந்தன. மூன்று தரம் மருந்து அடித்தும் கேட்கவில்லை. விவசாயப் போதனாசிரியர் சிவகௌரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும், அதிகம் கதைக்காத பிள்ளை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். அடி அழுகிக் கிடந்தது. பிறகு குந்தியிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மணந்து பார்த்தாள்.

"எத்தினை போகமாத் தொடர்ந்து வெங்காயம் ஐயா?"

"நான் எண்ணேல்லைப் பிள்ளை."

"பதினொண்டு," என்றாள் வரம்பில் நின்ற மார்கிரட்.

சிவகௌரி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "இனி மருந்து வேலை செய்யாது. வருத்தம் செடியிலை இல்லை. மண் களைச்சுப்போச்சுது. ஒரு வருசத்துக்கு வெங்காயத்தை விடுங்கோ. மிச்சத்தைக் கிளப்பிப்போட்டுச் சணல் விதையுங்கோ. பூத்த உடனை உழுது தாட்டுவிடுங்கோ."

"பூத்த உடனையோ?"

"ஓம். காய்க்க விட்டா சத்து விதைக்குப் போயிடும், மண்ணுக்கு ஒண்டும் மிஞ்சாது. பிறகு குரக்கன், பயறு எண்டு ஏதாவது போட்டு எடுங்கோ. வெங்காயம் அடுத்த சித்திரைக்குப் பாப்பம்."

"அப்ப இந்த வருசம் விளைச்சல்?"

"இந்த வருசம் உங்களுக்கு இல்லை ஐயா. மண்ணுக்கு."

அவள் போன பிறகு லெனாட் வாய்க்கால் கரையில் இருந்துவிட்டார். மார்கிரட் பிடுங்கிப்போட்ட வெங்காயத்தைக் கூடைக்குள் அள்ளிக்கொண்டு நின்றாள். கூடை நிறைந்ததும் சொன்னாள்: "அந்தப் பிள்ளை மண்ணைப் பாத்த மாதிரி ஆராவது உங்களையும் ஒருக்காப் பாத்தா நல்லது."

"எனக்கென்ன?"

"செபமாலை சொல்லேக்கை நித்திரை கொள்ளுறியள். சாப்பிடேக்கை என்ன சாப்பிடுறன் எண்டு தெரியாமச் சாப்பிடுறியள். நான் கண்டுகொண்டுதான் இருக்கிறன்."

லெனாட் எழும்பிக் கூடையைத் தூக்கினார். ஆனால் அந்தக் கிழமை முழுக்க அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தவக்காலம் துவங்குவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது பங்குமனைக்குப் போனார்.

பாதர் நிக்சன் குருநகர்ப் பிள்ளை. முப்பத்துநாலு வயது, சுறுசுறுப்பு, சிரித்த முகம். மேசை முழுக்கக் கடதாசி பரவிக் கிடந்தது. லெனாட்டைக் கண்டதும் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"நல்ல வேளை வந்தியள் அண்ணை. பொதுநிலை ஊழியருக்கு ஒரு பயிற்சி நாள் வைக்கப்போறம். தலைப்பு 'விதைப்பும் அறுவடையும்'. விவசாயத்தையும் ஊழியத்தையும் சேத்து நீங்கள்தான் பேசவேணும். நான் கடற்கரைப் பெடியன், எனக்கு வெங்காயத்தைக் கறிக்குள்ளை வந்தாப் பிறகுதான் தெரியும்."

லெனாட் கதிரை நுனியில் இருந்தார். "பாதர், என்னை ஒரு வருசம் விடுங்கோ."

"எதிலையிருந்து?"

"எல்லாத்திலையிருந்தும். பூசைக்கு வருவன். கடைசி வரிசை வாங்கிலை இருப்பன். வேறை ஒண்டும் ஏலாது."

பாதருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது. "தவக்காலம் துவங்கப்போகுது அண்ணை. சிலுவைப்பாதை, பாடுகளின் வாசிப்பு, நோயாளர் பட்டியல்... உங்களை விட்டா ஆர் இருக்கினம்?"

"இருபத்துநாலு வருசமா எல்லாப் பாதர்மாரும் இதைத்தான் கேட்டவை. எனக்கும் பதில் தெரியாமத்தான் செய்துகொண்டு வந்தனான்."

"சேமக்காலையிலை நடந்ததைப் பெரிசா எடுக்காதேங்கோ. ஆருக்கும் வரும்."

"பேர் மாறினது மட்டும் இல்லைப் பாதர். நான் செபம் சொல்லேக்கை அங்கை ஒருத்தரும் இல்லை. நானும் இல்லை."

பாதர் பேனையை மூடித் திறந்து மூடினார். "ஊழியத்திலை லீவு எண்டு ஒண்டு இல்லை அண்ணை," என்றார் கடைசியில். சொன்ன விதத்தில் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. லெனாட் எழுந்து, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீடு வந்து சேர்ந்ததும் முற்றத்துக் கட்டிலில் சரிந்தவர் மறுநாள் காலைவரை எழும்பவில்லை. மார்கிரட் இரண்டு தரம் மூச்சுப் பார்த்தாள்.

கிளப்பி முடித்த தோட்டத்தில் மாசி கடைசியில் சணல் விதைத்தார்கள். சாப்பாட்டுக்கு மார்கிரட்டின் ஆடுகளும் கோழிகளும் இருந்தன. லெனாட் மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்கு மண் கொத்தப் போனார். கூலிக்குப் போன இடத்தில் ஊர்க் கதை எல்லாம் காதுக்கு வந்தது. லெனாட் பாதரோடு கொளுவிக்கொண்டாராம். வேறு சபையில் சேரப்போகிறாராம். மூளைக்கு ஏதோ வருத்தமாம். அவர் எதையும் மறுக்கவில்லை. மறுக்கவும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

கோயிலில் பின் வாங்கில் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மணி பிந்தினால் கால் எழும்பப் பார்க்கும். வாசிப்பவர் தடுமாறினால் வாய் அசையும். சிலுவைப்பாதையில் யாரோ ஒரு நிலையைத் தவறவிட்டு அடுத்ததற்குப் போனபோது அவர் வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுச் செபங்களில் ஒன்று மூன்றே கிழமையில் நின்றுபோனது. தெற்குக் குறிச்சியில் ஒன்பது வருடமாக நடந்துவந்த கூட்டம் அது. அவர் போகவில்லை என்றதும் முதல் கிழமை ஆறு பேர், அடுத்த கிழமை இரண்டு பேர், பிறகு வீட்டுக்காரர் பாய் விரிக்கவே இல்லை. அந்தச் செய்தி கேட்ட அன்று லெனாட் கொத்துக்குப் போகவில்லை. ஒன்பது வருடம் அவர் என்னத்தை நட்டார்? நட்டது எதுவாவது வேர் விட்டதா, அல்லது அவர் தாங்கிப் பிடித்திருந்ததால்தான் நின்றதா? கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை அந்தக் கூட்டம் திரும்பத் துவங்கவில்லை.

சித்திரையில் சணல் இடுப்பளவு வளர்ந்து பூத்தது. பன்னிரண்டு பரப்பும் ஒரே மஞ்சள். தெருவில் போன வான்கள் நின்றன. கொழும்பிலிருந்து வந்த ஆட்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். ஒரு கலியாணச் சோடியைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உழவு இயந்திரத்துக்குச் சொல்லியிருந்த நாளில் மார்கிரட் வேலியடியில் வந்து நின்றாள்.

"இன்னும் ஒரு கிழமை விட்டா என்ன? இவ்வளவு வடிவா நிக்குது."

"அந்தப் பிள்ளை பூத்த உடனை எண்டு சொன்னது."

"உங்களுக்கு மனம் வருகுதோ?"

லெனாட்டுக்கும் மனம் வரவில்லை. இயந்திரம் உள்ளே இறங்கி முதல் சுற்று வந்தபோது, பூவோடும் பச்சையோடும் தண்டு முறிந்து மண்ணுக்குள் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பின்னேரம் முழுக்கத் தோட்டம் பச்சை மணத்தது. விற்க ஒரு பிடிகூட இல்லை. ஏதாவது விளங்கும் என்று நினைத்தார், ஒன்றும் விளங்கவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

வைகாசியில் சோளகக் காற்று வீசத் துவங்கியிருந்த ஒரு நாள், லவீனா தோட்டத்து வேலிப் படலையில் வந்து நின்றாள். பாதரைப்போல அவளும் குருநகர்தான், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, இந்த ஊர் மேசன் ஒருவரைக் கட்டி வந்தவள். நாற்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை. அலைச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல்; கோயிலில் பாடினால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"லெனாட் அண்ணை, அடைக்கலநாதன் ஐயா கதவு திறக்கிறார் இல்லை. ரண்டு தரம் போட்டு வந்திட்டன். என்ன செய்யிறது?"

"நான் இப்ப ஊழியத்திலை இல்லைப் பிள்ளை. பாதருக்குச் சொல்லும்."

"பாதருக்குச் சொன்னனான். அவருக்கும் திறக்கேல்லை." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஊழியத்திலை இருந்தாத்தானோ அண்ணை ஒருத்தற்றை கதவைத் தட்டலாம்?"

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். லெனாட் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பிறகு தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். நண்டும் மரவள்ளியும் போட்டுக் கூழ் காய்ச்சி, சட்டியோடு கொண்டுபோய் அடைக்கலநாதனின் வாசற்படியில் வைத்து, "ஐயா, கூழ் ஆறப்போகுது" என்று கத்திவிட்டுப் படியிலேயே இருந்துவிட்டாளாம். அரை மணித்தியாலத்தில் கதவு திறந்ததாம். செபம் ஒன்றும் சொல்லவில்லை. சட்டியைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள்.

இதைக் கேட்டு இரண்டு நாள் கழித்து லெனாட் அங்கே போனார். சாரமும் பழைய சேட்டும், கையில் புத்தகம் இல்லை. சேமக்காலைக்குப் பிறகு நாலு மாதமாக அந்த ஒழுங்கையால் போவதையே அவர் தவிர்த்திருந்தார். அடைக்கலநாதன் கிணற்றடியில் இறைப்பு மெசினைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார்.

"தண்ணி எடுக்குதில்லை," என்றார், நேற்றும் சந்தித்தவர்போல.

லெனாட் குந்தியிருந்து பார்த்தார். குழாயின் அடியில் இருந்த வால்வின் றப்பர் தேய்ந்து, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிக்கொண்டிருந்தது. பழைய ரியூப் ஒன்றை வெட்டி இரண்டு பேருமாகப் புதிதாகப் போட்டார்கள். வெட்டும்போது லெனாட் நிமிராமல் சொன்னார்:

"அண்ணை, அண்டைக்கு அக்கான்ரை பேரை மாத்திச் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. முந்தியே வந்திருக்கவேணும். வெக்கத்திலை வரேல்லை."

அடைக்கலநாதன் றப்பரை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு மனம் நொந்ததுதான். பொய் சொல்லக்கூடாது. முதல் முப்பது நாளும் அதை நினைச்சனான். பிறகு உன்ரை முகத்தை நினைச்சன். பேரைத் திருத்தேக்கை நீ நிமிந்து என்னைப் பாத்தனி. செத்த வீட்டுக்காரன் நானோ நீயோ எண்டு எனக்கே விளங்கேல்லை."

"களைச்சுப்போனன் அண்ணை."

"தெரியும். றோஸ் இருக்கேக்கை சொல்லுவா, லெனாட் தம்பி வந்தா ஒரு இடத்திலை அஞ்சு நிமிசம் இருக்கிறானில்லை, செபத்தைச் சொல்லிப்போட்டு ஓடுறான் எண்டு. இண்டைக்குத்தான் நீ இவ்வளவு நேரம் இருக்கிறாய்."

மெசினைப் பூட்டி முடுக்கினார்கள். இரண்டு மூன்று தரம் இருமிவிட்டுத் தண்ணீர் வந்தது. லெனாட் அன்றைக்கு அங்கே மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டார். செபம் சொல்லவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அடைக்கலநாதனும் கேட்கவில்லை.

ஆனி மாதத்தில் லவீனா தன் வீட்டு முற்றத்தில் புதன்கிழமைகளில் பெண்களைக் கூட்டிச் செபம் துவங்கினாள். மார்கிரட்டும் போனாள். அதைக் கேட்டதும் லெனாட்டுக்கு உள்ளே ஏதோ அசைந்தது. அவரே போய் லவீனாவிடம், "தேவையெண்டா நான் முதல் நாளைக்கு வந்து ஒழுங்கைக் காட்டித் தரட்டோ?" என்று கேட்டார்.

லவீனா கையைச் சீலையில் துடைத்தாள். சொல்லலாமா விடலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "குறை நினைக்காதேங்கோ அண்ணை. நீங்கள் வந்தா எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருப்பினம். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம். உங்களுக்குச் செபிக்கத் தெரியும். எங்களுக்குத் தெரியாது எண்டு எங்களுக்கு ஒரு பயம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். நன்றாக நொந்தது. இரண்டு மூன்று நாள் மார்கிரட்டோடுகூடச் சரியாகக் கதைக்கவில்லை. இத்தனை வருடத்தில் தெற்குக் குறிச்சியில் ஒரு ஆளையாவது செபிக்கச் சொல்லிக் கேட்டோமா என்று நினைத்துப் பார்த்தார். கேட்கவில்லை. நேரம் போய்விடும் என்று தானே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை, பின்னேரம் ஐந்தரை இருக்கும். மார்கிரட்டின் கறுப்பு ஆடு குட்டி போடத் தவித்துக்கொண்டு நின்றது. அதற்கு இது தலை ஈற்று. மார்கிரட் இல்லாமல் லெனாட்டுக்குக் கை ஓடவில்லை. அவளைக் கூட்டிவர லவீனா வீட்டுக்கு நடந்தார். ஓலை வேலிக்கு வெளியே வந்தபோது உள்ளே செபமாலை நடந்துகொண்டிருந்தது. புதன்கிழமைக்கு உரிய மறைபொருளை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்கு உரியதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லெனாட் படலையில் கை வைத்தவர் வைத்தபடி நின்றார். செபமாலை முடிந்தது. பிறகு ஒரு குரல் துவங்கியது.

"ஆண்டவரே, எனக்கு வடிவாச் சொல்லத் தெரியாது..."

குரல் யாருடையது என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. முப்பத்தொரு வருடம் கூடவே இருந்த குரல். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுகிற குரல், ஆட்டை ஏசுகிற குரல். ஆனால் தன் சொந்தச் சொல்லால் கடவுளோடு கதைத்து அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"என்ரை மனுசன் களைச்சுப்போனார். அவர் உம்மை விட்டிட்டுப் போகேல்லை. எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். ஊர் கதைக்கிறது கதைக்கட்டும். அவர் நித்திரை கொள்ளட்டும். நல்லா நித்திரை கொள்ளட்டும். மிச்சத்தை நீர் பாரும்." அவள் நிறுத்தினாள். பிறகு அவசரமாகச் சேர்த்தாள்: "என்ரை ஆட்டையும் பாத்துக்கொள்ளும்."

யாரோ சிரித்தார்கள். அவளும் சிரிப்பது கேட்டது.

லெனாட் வேலியை விட்டுத் தள்ளிப்போய் மதகில் இருந்தார். கூட்டம் கலைந்து அவள் வெளியே வந்தபோது, "ஆடு தவிக்குது, கெதியா வாரும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு குட்டிகள். ஒன்று கிடாய், ஒன்று மறி. எல்லாம் முடிந்து அவள் கை கழுவும்போது கேட்டாள்:

"எவ்வளவு நேரம் நிண்டியள்?"

"கொஞ்ச நேரம்."

"கேட்டதோ?"

"ஓம்." பிறகு சொன்னார்: "முப்பத்தொரு வருசமா நீர் இப்பிடிச் செபிச்சு நான் கேட்டதில்லை."

"நீங்கள் நிப்பாட்டினாத்தானே நான் துவங்கலாம்," என்றாள் மார்கிரட், குழைக் கட்டை அவிழ்த்து ஆட்டுக்குப் போட்டபடி.

அடுத்த தவக்காலத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு பாதர் நிக்சன் தோட்டத்துக்கே வந்தார். லெனாட் அடுக்கி வைத்திருந்த குரக்கன் தாள் கட்டு ஒன்றின்மேல் பாதர் இருந்தார். மெலிந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"போன வருசம் கோவத்திலை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டன் அண்ணை. லீவு இல்லை எண்டு."

"பரவாயில்லைப் பாதர்."

"இல்லை. நீங்கள் செய்ததெல்லாத்தையும் நான் தூக்கிப் பாத்தன். ஆறு மாசத்திலை பூசை வைக்கேக்கை வாசிச்ச பக்கத்தையே திரும்ப வாசிக்கத் துவங்கினன். ஒரு ஆள் எப்பிடி இதை இருபத்துநாலு வருசம் செய்தது எண்டு யோசிச்சன். செய்யவிட்டது ஆர் எண்டும் யோசிச்சன்." அவர் குரக்கன் தாளை முறித்துக்கொண்டிருந்தார். "திரும்பி வருவியளோ?"

"ஒரு வேலை எடுக்கிறன். ஒண்டுதான். வெள்ளிக்கிழமை நோயாளர் வீடு. ஒரு நாளைக்கு ரண்டு வீட்டுக்கு மேலை போகமாட்டன்."

"மறைக்கல்வி?"

"லவீனாவைக் கேளுங்கோ."

"அவவுக்குப் பத்துக் கட்டளையே ஒழுங்கா வராது அண்ணை."

"படிப்பா. பிள்ளையளோடை சேந்து படிப்பா. எனக்கு எல்லாம் தெரிஞ்சு பிள்ளையளுக்கு என்ன வந்தது?"

பாதர் சிரித்தார். போகும்போது, "நீங்களும் ஒரு நாளைக்கு என்னைச் சும்மா இருக்கச் சொல்லுங்கோ" என்றார். லெனாட் அடுத்த செவ்வாயே அவரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, முற்றத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னார். பாதர் மூன்று மணித்தியாலம் படுத்தார்.

சித்திரையில் நாலு பரப்பில் மட்டும் வெங்காயம் நட்டார்கள். சிவகௌரி வந்து மண்ணைக் கிளறிப் பார்த்தாள், மண்புழு இருந்தது. ஆடியில் கிளப்பியபோது விளைச்சல் சுமார். ஓரப் பாத்தியில் திருகல் கொஞ்சம் தெரியத்தான் செய்தது. "மிச்ச எட்டுப் பரப்பையும் அவசரப்பட்டுப் போடாதேங்கோ ஐயா" என்றாள். அவர் அவசரப்படவில்லை. அவசரப்பட உடம்பும் விடவில்லை.

தள்ளிப்போட்டிருந்த பயிற்சி நாள் ஒருவாறு ஆவணியில் நடந்தது. பல பங்குகளிலிருந்து இருபத்தைந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். லெனாட் வெள்ளைச் சேட்டோடு எழுந்து நின்றார். எழுதிக்கொண்டு வந்த கடதாசியைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார்.

"பாதர் விதைப்பும் அறுவடையும் எண்டு தலைப்புப் போட்டிருக்கிறார். வெங்காயக்காரனுக்கு நடுறது ரண்டு மூண்டு நாள். கிளப்புறது ரண்டு மூண்டு நாள். மிச்சமெல்லாம் இறைப்பும் புல்லுப் பிடுங்கலும்தான். அதைப்பற்றி ஒருத்தரும் பிரசங்கம் வைக்கிறேல்லை."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சேமக்காலையில் பெயரை மாற்றிச் சொன்னதைச் சொன்னார். மண் களைத்தது என்று ஒரு பிள்ளை சொன்னதைச் சொன்னார். சணலைப் பூத்தவுடன் உழுததைச் சொன்னார். "அது விளைச்சல் இல்லை. விக்கவும் ஏலாது, தின்னவும் ஏலாது. பாக்கிற ஆக்களுக்கு நான் பைத்தியக்காரன். ஊழியத்திலை அப்பிடி ஒரு காலம் இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நான் பதினொரு போகம் ஒரே நிலத்திலை ஒரே பயிரை வைச்சனான். என்னையும் அப்பிடித்தான் வைச்சனான்." இன்னும் ஏதோ சொல்ல வந்து, சொல்வதற்கு இல்லை என்று கண்டு, கதிரையில் இருந்துவிட்டார். பேச்சு பத்து நிமிடம்கூட வரவில்லை. சிலருக்கு ஏமாற்றம்தான், உற்சாகமாக ஏதாவது கேட்கலாம் என்று வந்தவர்கள்.

கேள்வி நேரத்தில் கொடிகாமத்திலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும். பத்தொன்பது வருடமாக மறைக்கல்வி நடத்துகிறாளாம்.

"ஒரு வருசம் விட்டாப் பிறகு பழையபடி வந்ததோ அண்ணை? செபம்?"

பாதர் நிக்சனும் நிமிர்ந்து பார்த்தார்.

"பழையபடி வரேல்லை," என்றார் லெனாட். "சில நாளிலை வருகுது. சில நாள் நோயாளர் வீட்டிலை சும்மா இருந்திட்டு வாறன். அவையின்ரை காலை அமத்தி விடுவன். களைப்பு இன்னும் போகேல்லைத் தங்கச்சி. ஆனா இப்ப களைச்சா ஒரு இடத்திலை இருக்கிறன். முந்தி இருக்கிறேல்லை."

அவள் மெல்லக் கதிரையில் இருந்து, முன்னால் கிடந்த வெறுங் கதிரையின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பாதரைப் பார்த்தார்கள். லெனாட் எழுந்து போய் அவளுக்கு அடுத்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தேத்தண்ணி வரும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.